கையைக் கட்டிப் பாடச் சொன்னேன்

என் மாதேஸ்வரிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு ஹெட்போன் வந்தது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும், பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே உள்ளே வந்தேன். யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

பாப்பிரெட்டிப்பட்டியில் பத்திரம் எழுதிப் பிழைக்கும் எனக்குக் கீபோர்டு ஓர் ஆசை, அவ்வளவுதான். கச்சேரிக்கு யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் யூடியூபில் எவனாவது புது மைக்கைப் பிரித்துக் காட்டினால் போதும், எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். சமையலறைக்கு டைல்ஸ் போடவென்று எடுத்த சீட்டுப் பணம் அப்படித்தான் மைக்காக வந்து இறங்கியது. நீ சண்டை போடவில்லை. இரண்டு நாள் வெறும் ரசம் வைத்தாய். மூன்றாம் நாள், "அந்த மைக்குல என் பாட்டையாச்சும் புடிங்க, டைல்ஸ் போட்ட மாதிரி நெனச்சுக்கறேன்" என்றாய்.

வத்தல்மலை அடிவாரத்தில் உன் ஊரில், ஓடும் கொட்டையும் எடுக்கப் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டும்போது உன் அம்மா பாடும் பாட்டு அது. நீயும் தரையில் கையால் தட்டிக்கொண்டேதான் பாடுவாய். அந்தத் தட்டல் மைக்கில் பாட்டைவிடப் பெரிதாக விழுந்தது. கையைக் கட்டிக்கொண்டு பாடச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே வார்த்தை மறந்து நின்றுவிட்டாய்.

"கை சும்மா இருந்தா பாட்டு எப்படிங்க வரும்?"

எனக்குக் கோபம். இரண்டு பதிவையும் அழித்துவிட்டு, இதைவிட நல்ல மைக் வந்தால் தட்டும் சத்தம் விழாது என்றேன். வந்தது. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும் என்றேன். அதுவும் வந்தது. "எப்பங்க பாடக் கூப்புடுவீங்க?" என்று கேட்பாய். அடுத்த வாரம் என்பேன். உனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தது அந்த அடுத்த வாரங்களில் ஒன்றில்தானே?

இப்போது எல்லாக் கருவியும் இருக்கிறது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உன் பாட்டு மட்டும் எதிலும் இல்லை. சரியில்லை, சரியில்லை என்று இரண்டையும் அழித்தவன் நான்தான்.

நேற்று அதைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். முதல் அடி வந்தது. இரண்டாவது அடி எங்கே ஏறும், எங்கே இறங்கும்? விரல் திரும்பத் திரும்பத் தப்பான இடத்தில் போய் நின்றது. பயந்துவிட்டேன் மாதேஸ்வரி. இருபத்திரண்டு வருஷம் இதே வீட்டில் பாடினாயே, அத்தனை நாளும் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

உன் தங்கச்சி பச்சையம்மாவுக்குப் போன் போட்டேன். "நல்ல ரெக்கார்டர் ஒண்ணு வாங்கிட்டு வர்றேன், உங்கக்கா பாட்டைப் பாடறியாம்மா?" என்றேன்.

"இன்னும் வாங்கணுமா மாமா? சும்மா வாங்க. வூட்ல புளி கெடக்குது. எங்களோட உக்காந்து தட்டுங்க, பாட்டு தானா வரும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எதையும் தூக்கிக்கொண்டு போகமாட்டேன். அந்த இரண்டாவது அடி எனக்குப் பிடிபடும்வரை வாராவாரம் போவேன். என் குரலின் லட்சணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் நம் வீட்டில் இனி அதைப் பாட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பாடுவேன்.

உன் வீட்டுக்காரன்,
செல்வராசு