முனியாண்டி அண்ணன் கொடுத்த திதி

9 ஜூலை, வியாழன்

இதெல்லாம் நடக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். பர்மாவில் வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட சுதந்திரப் படை ஜெனரலோட கதையை நான் சொன்னா கல்லும் அழும். போன வருஷம் இங்கே ஹில்ஸ்பரோவில் நடந்த விருந்தில் அதைக் கேட்டு முனியாண்டி அண்ணன் அழுதார். அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவங்கப்பா மலேயாவிலிருந்து பர்மா சண்டைக்குப் போனவர், திரும்பவே இல்லை. செத்த நாள் தெரியாததால் எண்பது வருஷமாகத் திதியே கொடுத்ததில்லை.

என் அப்பா அந்த ஜெனரலுக்குச் சமையல்காரர். வலது கை என்றே வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரனை நடுங்கவைத்த ஜெனரல், மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த சிப்பாய் ஒருத்தன் காய்ச்சலில் போனதும் குதிரையை விட்டு இறங்கி, ஆற்றங்கரையில் தன் கையாலேயே கொள்ளி வைத்தாராம். சிப்பாய் பேர் வீரன்.

"எங்கப்பா பேரும் வீரன்தான்லா, அவருதான் அது! எந்த நாளுன்னு தெரியுமா தம்பி?" என்றார் அண்ணன்.

"ஆனி மாசம், தேய்பிறை தசமி" என்றேன்.

இன்று அந்தத் தசமி. பிளாட் புஷ் வீட்டில் அண்ணன் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். கடல் தாண்டி வந்த இந்த ஊரில் காக்கை ஏது? வேலியில் வைத்த சோற்றை மைனா கொத்தியது.

"அப்பா வந்துட்டாரு பாரு. இனி பசியோட அலைய மாட்டாருலா" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

கண்ணை மூடினால் ஈரமான சிப்பாய்ச் சட்டையோடு ஒருத்தன் நிற்கிறான். தான் செத்த நாள் எது என்று கேட்கிறான்.

ஜெனரல் கொள்ளி வைத்தது அப்பா சொன்னது. வீரன் என்ற பேரும் அப்பா சொன்னதுதான். தசமி மட்டும் நானாகச் சொன்னது.