கை தெரியப் பிடியுங்கள்

டிசம்பர் 2, செவ்வாய்

விடிய முதல் மழை. டவுண் ரோட்டைக் குறுக்கறுக்கும் தாம்போதிக்கு மேலால் இடுப்பளவு வெள்ளம். பஸ் இல்லை. நேற்றுப் பின்னேரம் பூமணியை டவுண் ஆசுபத்திரியில் விட்டுவிட்டு உடுப்பு எடுக்கத்தான் உன்னிச்சைக்கு, வீட்டுக்கு வந்தேன். பெண்கள் வார்ட்டில் இரவில் ஆண்கள் தங்க முடியாது. ஒரு இரவுக்கு என்று வந்தவன் அகப்பட்டுக்கொண்டேன். உடுப்புப் பை கட்டியபடி கதவடியில்.

கரண்டும் இல்லை. ட்ரக்டர் பட்டரியில் போனுக்குச் சார்ஜ். சிக்னல் குளக்கட்டில் மட்டும், அதுவும் ஒரு கோடு.

டொக்டருக்குச் சொல்லவேண்டியதை எழுதிப் பார்க்கிறேன். மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடம் போகாதவள், எழுத்துத் தெரியாது. கையால் பேசுவாள். பாதி அவள் சின்னதில் உண்டாக்கியது, மீதி கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும். வேறு ஒருவருக்கும் விளங்காது. மகளுக்கு அரைகுறை.

டிசம்பர் 3, புதன்

மழை. மாடு நனைந்து கத்துகிறது.

காலையில் ஒரு நர்ஸ் மிஸி பூமணியின் போனில் வீடியோ கோல் எடுத்துத் தந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாட முகம் வடிவாத் தெரியிதா ஐயா?"

"முகம் வேணாம் பிள்ள. கையக் காட்டுங்க."

"கையில சேலைன்தான் ஏறுது. பயப்பட ஒண்டுமில்ல."

"ஐயோ, அவ கையாலதான் பிள்ள கதைக்கிற!"

அவளுக்கு விளங்குவதற்குள் சிக்னல் போய்விட்டது. போனைக் குளத்துக்குள் எறிய ஓங்கினேன். எறிந்தால் அதுவும் இல்லை.

வலது கையில் ஊசி குத்திப் பலகை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். என் வாயைத் துணியால் கட்டினால் எப்படி, அப்படி.

பின்னேரம் அடுத்த கட்டில் பரீதா கோல் எடுத்தாள். ஏறாவூர்ப் பெண், வாய் நிறைய அண்ணன் என்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்:

போனைக் கையில் பிடிக்கவேண்டாம், ஆடும். சாப்பாட்டுப் பெட்டியில் சாய்த்து வைக்கவும்.
கொஞ்சம் தள்ளி. தலை முதல் இடுப்பு வரை தெரியவேண்டும்.
ஜன்னல் அவளுக்கு முன்னால். பின்னால் இருந்தால் ஆள் கறுப்பாகத்தான் தெரியும்.
அடுத்த ஊசியை இடது கையில் போட முடியுமா என்று மிஸியிடம் கேட்கவும்.
காதுக்குள் கத்தவேண்டாம்.

கடைசி, கோபத்தில் சொன்னது. அதையும் எழுதிவிட்டாளாம்.

டிசம்பர் 4, வியாழன்

தூறல். மகள் மதியும் கட்டாரில் இருந்து சேர்ந்தாள். மூன்று பேரும் ஒரே கோலில்.

அதில் ஒரு கூத்து. சத்தம் போடுகிற ஆளின் படத்தைத்தான் போன் பெரிதாக்குகிறது. மதி பேசினால் மதி. நான் இருமினால் நான். பூமணி என்ன சொன்னாலும் மூலையில் முத்திரை அளவு, விரல் எது கை எது என்றே தெரியாது. சத்தம் போடாத மனிதர் ஒருவரைக்கூடக் காணாத ஆள்தான் இதைச் செய்திருக்கவேண்டும்.

"அப்பா, நாம ரெண்டு பேரும் கதைக்காம இரிப்பம். அம்மா பெரிசா வருவா."

இருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். குளத்துக் காற்றின் இரைச்சலுக்கு நான்தான் பெரிதாக வந்தேன்.

பிறகு மதி கண்டுபிடித்தாள். "அம்மாட படத்துல விரல வெச்சி அமத்திப் பிடிங்கப்பா." பிடித்தேன். முழுத் திரைக்கும் பூமணி. இத்தனை வருடம் போன் வைத்திருந்தும் தெரியாது.

இடது கையால் கேட்டாள். உடுப்பு எங்கே? மாடு கறந்தாயா? என்ன சாப்பிட்டாய்? எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடை, பார்க்கச் சகிக்கவில்லை என்றாள். மதி அங்கே சிரிக்கிறாள்.

தாம்போதியில் வெள்ளம் இன்னும் ஏறியிருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

குடலில் அடைப்பு. இன்றே வெட்டவேண்டுமாம். டொக்டர் கோலில் வந்தார். போனைக் குளக்கட்டுக் கல்லில் சாய்த்து வைத்தேன், பக்கத்து வளவு சந்திரன் குடை பிடித்தான். டொக்டர் சொல்வதை நான் கையால் சொல்ல, அவள் சொல்வதை வாயால் சொல்ல.

"ஆபத்து இரிக்கு எண்டதையும் சொல்லுங்க ஐயா. மறைக்காம."

ஆபத்துக்கு எங்களிடம் தனியாக ஒன்றும் இல்லை. யானை வருகுது என்பதுதான். கையைத் தும்பிக்கை மாதிரி நீட்டிக் காட்டினேன். விளங்கிவிட்டது அவளுக்கு.

நீ வா, பிறகு வெட்டட்டும் என்றாள்.

"காத்திருக்க ஏலாது ஐயா" என்றார் டொக்டர்.

விடிய நான் அங்கே நிற்பேன், நீ கண் முழிக்கும்போது கட்டிலடியில் நிற்பேன் என்று காட்டினேன். வெள்ளம் அப்போது நெஞ்சளவு. வாயால் எவ்வளவோ புளுகியிருக்கிறேன். கையால் அவளிடம் புளுகியது இதுதான் முதல்.

சரி என்று சம்மதத் தாளில் பெருவிரலை வைத்தாள்.

டிசம்பர் 6, சனி

வெள்ளம் கொஞ்சம் இறங்கியது. சந்திரனின் ட்ரக்டர் பெட்டியில், உடுப்புப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு. வழி முழுக்கச் சிக்னல் இல்லை. பத்து மணி போல் போய்ச் சேர்ந்தேன்.

எல்லாம் முடிந்திருந்தது.

வார்ட் வாசலில் பரீதா. "அண்ணன், ஒப்பரேசன் முடிஞ்சி கொண்டுவந்து விட்டாங்க. விடியக்குள்ள கண்ண முழிச்சாங்க. கைய அசைச்சி அசைச்சி என்னமோ சொன்னாங்க. போனப் பெட்டியில சாய்ச்சி வெச்சி உங்களுக்கு எடுத்தன், எடுத்தன். கிடைக்கவேயில்ல."

ஊசியை இடது கைக்கு மாற்றியிருந்தார்களாம். அவள் சொன்னது வலது கையால்.

"எப்பிடிச் சொன்னாங்க எண்டு செஞ்சி காட்டட்டா?"

காட்டினாள். திரும்பவும் காட்டினாள். பாவம், அவளுக்கு ஞாபகம் இருந்த அளவுக்கு. நான் எவ்வளவு பார்த்தும் அதில் ஒரு சொல்லும் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

பிரேதம் எடுத்தோம். மழை இல்லை. மதிக்கு லீவு கிடைக்கவில்லை, போனில்தான் பார்த்தாள்.

டிசம்பர் 10, புதன்

ஒன்றும் எழுத இல்லை. மாட்டுக்குத் தவிடு. மிஸி கோல் எடுத்தாள், பரீதா எழுதிய தாளை வார்ட்டில் ஒட்டியிருக்கிறார்களாம். காது கேளாத இன்னொரு பிள்ளை வந்திருக்கிறதாம். நல்லது என்றேன். நல்லதுதான். எனக்கு ஒன்றும் ஆறவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

வெயில். வயல் வட்டையில் பயிர் அழுகிய இடங்களைப் பார்க்கக் கமக்காரர் சங்கக் கூட்டம். தொடங்கும்போது பூமணிக்காக எல்லோரும் எழும்பி நின்றார்கள். மௌனம். தலைவரின் போன் மடிக்குள் இருந்து குத்துப்பாட்டுப் பாடத் தொடங்கியது. அமத்துகிறார், இன்னும் பலமாகப் பாடுகிறது. மடியை உதறுகிறார், குந்துகிறார், எழும்புகிறார், சாரன் அவிழப்போகிறது, ஒரு கையால் சாரன், ஒரு கையால் போன். பாட்டு நிற்கவேயில்லை. ஒருவரும் சிரிக்கக்கூடாது என்று குனிந்து நின்றார்கள். நான்தான் முதலில் சிரித்தேன்.

அவளுக்கு இப்படியான கதைதான் பிடிக்கும். வரும் வழியெல்லாம் தலைவரின் வயிற்றை எப்படிக் காட்டுவது, அந்தத் துள்ளலை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பொழுது பட்டுவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கை தெரியட்டும் என்று விளக்கைப் போட்டேன்.