மணமேல்குடியில் நீ தின்ற மீன்

என் ஆசை மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு,

நான் கருப்பையா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். போய் உட்கார்ந்தேன், வந்துவிட்டது. மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதி முடித்த வரியைத் திரும்பப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பார், உன்மேல் இருக்கிற கோபத்தில்கூட அது குறையவில்லை.

கோபம் எதற்கென்று உனக்குத் தெரியாதா?

உன் மகன் சரவணன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்து வந்தான். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ். "அப்பாவோட கூட்டாளிகள நாலு ஊரு சுத்திக் காட்டணும்" என்று என்னையும் சுப்பையாவையும் ஏற்றிக்கொண்டான். சுப்பையா கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, போய்க்கிட்டே போகணுமா? நிறுத்து, நான் கருவ மரத்துப் பக்கம் ஒதுங்கிக்கிறேன்" என்றான். நான் வழியெல்லாம் போர்டு படித்துக்கொண்டே போனேன். அறந்தாங்கி வருவதற்குள் சுப்பையா, "சிமெண்டு வெளம்பரத்தயெல்லாம் எதுக்குடா எங்களுக்கு வாசிக்கிற" என்று காதைப் பொத்திக்கொண்டான்.

மணமேல்குடியில் இறங்கிக் கடைத்தெருவைச் சுற்றினோம். சாப்பாட்டுக் கடையை நான்தான் கண்டுபிடித்தேன். மீன் சாப்பாடு, சைவமும் உண்டு என்று எழுதியிருந்தது. எனக்கு ஏன் சைவம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? சரவணன் சிறுபிள்ளையாகக் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, பையன் பிழைத்தால் ஆயுசுக்கும் மீனைத் தொடமாட்டோம் என்று நாம் இரண்டு பேரும் அய்யனார் முன்னால் நேர்ந்துகொண்டோம். பிள்ளை உன்னுடையது. நாக்கை இரண்டு பேரும் கட்டினோம்.

சரவணன் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். கடைக்கார அம்மா எந்த ஊர் என்று கேட்டது. சொன்னோம்.

"கீரமங்கலத்துப் பக்கமா? அங்கருந்து தேங்கா லோடு ஏத்திக்கிட்டு மாரிமுத்து அண்ணன்னு ஒருத்தர் வருவாரே, காதுல கடுக்கன் போட்டுக்கிட்டு? நல்லா இருக்காரா? கொடுவா மீன் தலைன்னா அவருக்கு உசுரு. எங்க மாமியா கடை நடத்துன காலத்துலருந்து அவருக்குன்னு எடுத்து வைக்கிறதுதான்."

சுப்பையா என்னைப் பார்த்தான். "கருப்பா, ஒன் பங்கையும் சேத்துல்ல தின்னுட்டுப் போயிருக்கான்!"

என் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற அன்றெல்லாம் உன் வீட்டுக்கு வந்து மோர்ச்சோறு தின்பேனே. நீயும் எதிரில் உட்கார்ந்து, "வேண்டுதல்னா வேண்டுதல்தான் மச்சான்" என்பாயே. எந்த வாயால் சொன்னாய்? ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? திட்டியிருப்பேன். திட்டிவிட்டு என்ன செய்திருப்பேன், தெரியவில்லை.

சுப்பையா ஒரு வறுத்த துண்டை என் இலையில் வைத்தான். "தின்னுடா. எவனுக்காகக் காக்குற?"

எடுத்தேன் மாப்பிள்ளை. வாய் வரைக்கும் கொண்டுபோனேன். வாசலில் சரவணன் குரல் கேட்டதும் கை இறங்கிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பா இருந்தா இப்ப ஒங்ககூட சைவந்தான் சாப்பிட்டுக்கிட்டிருப்பாரு, இல்ல மாமா?"

கடைக்கார அம்மா வாயைத் திறந்தது. "தம்பிக்கு மொதல்ல எலை போடுங்கம்மா" என்று முந்திக்கொண்டேன். என் இலையில் கிடந்த துண்டை அவன் இலையில் வைத்தேன். சுப்பையா தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினான்.

பிள்ளை பசியோடு சாப்பிட்டான். அய்யனாரிடம் கொடுத்த வாக்கிலிருந்து நீ எப்போதோ கழன்றுகொண்டாய். இத்தனை காலமும் இவனுக்காக நான் ஒருத்தன்தான் நின்றிருக்கிறேன். நானும் நகர்ந்தால்?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு எழுத்து வரும். மனசு வரவில்லை. ஆனால் இது சத்தியம்: உயிர் இருக்கும்வரை மீனைத் தொடமாட்டேன். நீ தொட்டாய் என்று அவனுக்குத் தெரியவும் விடமாட்டேன். உன்னைப் புதைத்த இடத்துக்கு வந்து, இதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, அங்கேயே கொளுத்திவிடுவேன். நேரமாகும். எழுந்து போக உனக்கு வழியில்லை, முழுக்கக் கேள்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமனாக நிற்கும்,
கருப்பையா