வீட்டுக்குக் கொண்டுவந்த கொப்பிகள்

13.08.2012, திங்கள்

சிட்னியின் ஆகஸ்ட் கடுங்குளிர். ஆறரைக்குப் போன். லீவு போட்ட டீச்சருக்குப் பதிலாக, இன்று ஒரு நாளைக்கு மட்டும், ஐந்தாம் வகுப்பு, வரமுடியுமா? பதில் டீச்சராகப் பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த போன். 'யெஸ்' சொன்ன பிறகுதான் மகள் ஆரணியை யாரிடம் விடுவது என்ற யோசனை. இரண்டு வயது, என்னை விட்டு இருந்ததில்லை.

கீழ்வீட்டு அன்ரி, இடுப்பில் கைக்குழந்தைப் பேரனோடு: "தாரும் பிள்ளையை. ஒண்டு கத்தினா என்ன, ரெண்டு கத்தினா என்ன." ஆரணி ஒரே அழுகை. பஸ்ஸிலும் காதுக்குள் அதே சத்தம்.

வகுப்புக்குள் போனேன். ஒருவரும் எழும்பவில்லை. எழும்புவார்கள் என்று கதவடியிலேயே நின்றேன், மடைச்சி. முன்னால் இருந்த சிறுமி: "மிஸ், ஆர் யூ லொஸ்ட்?" எல்லோருக்கும் சிரிப்பு.

வகுத்தல் கணக்கு. பாதிப் பேருக்கு மீதியை என்ன செய்வதென்றே தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் கணக்குப் படிப்பித்தவள், அப்படியே விட்டுவிட்டு வருவதா? திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளை இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஊரில் எந்த டீச்சர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்?

இவர் வேலையால் வந்ததும்: "ஒரு நாள் சம்பளத்துக்கு ரெண்டு நாள் வேலையோ?"

இப்போதுதான் முடித்தேன். கை உளைவு. வகுப்பு டீச்சர் போன கிழமை சரி போட்ட கணக்கொன்று பிழை. அதையும் திருத்தினேன். நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

14, செவ்வாய்

மழை. விடிய முன் வெளிக்கிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த டீச்சருக்குச் சுகமில்லையாம், ஒரு நாளில் மாறாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஏழு மணி. ஏழரை. போன் இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

எட்டுக்குத்தான் உறைத்தது. ஒரு வகுப்பின் கொப்பிகள் முழுவதும் என் வீட்டுக் கதிரையில்.

நானே பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தேன். அலுவலகப் பெண்: "அவை உங்களிடமா இருக்கின்றன?" டீச்சர் வந்துவிட்டாராம். அலுமாரியெல்லாம் தேடுகிறாராம். இங்கே கொப்பிகள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போவதில்லையாம்.

அன்ரியிடம் ஓடினேன். "வீட்டை கொண்டுவந்தனீரோ? இதென்ன, ஊரில சாவகச்சேரிப் பள்ளிக்கூடமே?" விழுந்து விழுந்து சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, வெஸ்ட்மீட்டில் டொக்டரிடம் போகவேண்டுமாம், இன்றைக்குப் பிள்ளையை வைத்திருக்க ஏலாதாம்.

தள்ளுவண்டி, இரண்டு பை, ஒரு குடை, இரண்டு பஸ். வண்டியின் மழைக்கவரைக் கொப்பிகளுக்குப் போட்டேன். ஆரணியின் சொக்ஸ் தோய்ந்திருந்ததை இறங்கும்போதுதான் கண்டேன்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் டீச்சரே வெளியில் வந்தார். கவுண்டரில் வைத்து ஒரு கொப்பியைப் புரட்டினார். எங்கும் என் சிவப்பு. தான் சரி போட்ட அந்தக் கணக்கும் வந்தது. நின்று பார்த்தார். "எல்லாவற்றையும் திருத்தியிருக்கிறீர்கள்." அவ்வளவுதான். கோபமா, என்னவென்று முகத்தில் தெரியவில்லை. நான் 'சொறி, சொறி' என்று கிளிப்பிள்ளை மாதிரி. எதற்கு மன்னிப்பு? பிழையைப் பிழை என்றதற்கா?

இனிக் கூப்பிடமாட்டார்கள்.

இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே: "விடுமப்பா. சிட்னியில வேற பள்ளிக்கூடமே இல்லையோ?" எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

15, புதன்

ஆரணிக்குக் காய்ச்சல். விடிய விடியத் தோளில். மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. இவர் ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டார்.

ஆறரைக்குப் போன். அதே அலுவலகப் பெண். டீச்சர் இன்று ஏதோ பயிற்சிக்குப் போகிறாராம். தன் வகுப்புக்கு என்னையே கூப்பிடச் சொன்னாராம். அந்த வகுத்தலை நானே முடித்துவிட வேண்டுமாம்.

ஆரணியின் நெற்றி என் கழுத்தில் கொதிக்கிறது. கீழே அன்ரி வீட்டில் கைக்குழந்தை. காய்ச்சல்காரப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது?

"நாளைக்கு வரலாமா?" என்றேன்.

இன்றைக்குத்தான் ஆள் வேண்டும் என்றார். அடுத்த ஆளைக் கேட்கிறேன் என்று வைத்துவிட்டார்.