டெம்பர்லி வாசலில் கைதட்டினேன்

அன்புள்ள எர்மெலிந்தா,

நீயும் மகள் டெலியாவும் சுகம்தானே? உன் இடுப்பு வலி குறைந்ததா? எனக்கு இங்கே கால் தரையில் நிற்கவில்லை. நமக்கு வீடு கிடைத்துவிட்டது!

தலைநகரிலிருந்து ரயிலில் அரை மணி, டெம்பர்லி. தன் வீட்டின் பின்னாலுள்ள சிறு வீட்டை அமைதியான ஆளுக்குத்தான் தருவேன் என்று டோனா நெலி விளம்பரம் கொடுத்திருந்தாள். ஞாயிறு மதியம் போனேன். தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் அழைப்புமணி இருந்ததைக் கவனிக்காமல், நம் ஊர்ப் பழக்கத்தில் வெளியே நின்று படபடவென்று கைதட்டிவிட்டேன். நாய்கள் அத்தனையும் குரைத்தன. நாலு வீட்டு ஜன்னல் திறந்தது.

டோனா நெலி தலைவிரிகோலமாக வந்தாள்.

"எவன்டா அது, தூங்குற நேரத்துல? மணி இருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

"மன்னிச்சுக்குங்கம்மா. எங்க ஊரு கோயாவுல கைதான் தட்டுவோம்."

"கோயாவா? நான் பக்கத்துல, சாந்தா லூசியா! இந்த வாசல்ல ஒருத்தர் கைதட்டி முப்பது வருஷமாச்சு. நின்னுக்கிட்டே இருக்கியே, உள்ள வந்து சூடா ஒரு மாத்தே டீ குடி!"

சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

வரும்போது நம் பழைய மாத்தே குடுவையை எடுத்து வா. தனியாகக் குடித்துக் குடித்து அலுத்துவிட்டது. டெலியாவின் செருப்பு அளவையும் எழுது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. வந்ததும் மணியைத் தொடாதே, கைதட்டு. எந்தத் தூக்கத்திலும் உன் கை எனக்குத் தெரியும்.

உன்
பிளாசிதோ