எதிர் வாசலுக்குப் போய் வந்த ஃபிளாப்பி

அக்கா,

இன்று ஆயுத பூஜை. உன் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் நர்சிங் ஹோமில் கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். வாசலில் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாசனை உள்ளே வரைக்கும் வந்தது. டாக்டர் என் பையையும் கேட்டு வாங்கி, ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தானே குங்குமம் இட்டார். அடியில் கிடந்த பழைய ஃபிளாப்பிக்கும் ஒரு பொட்டு. அதன் லேபிளில் இருந்தது உன் கையெழுத்து. அவருக்கு அது தெரியவில்லை.

நீ டாக்டராக இருந்த தர்ம ஆஸ்பத்திரிக்கும் அந்த நர்சிங் ஹோமுக்கும் கம்ப்யூட்டர் விற்றவன் நான்தான். ஒரே ப்ரோக்ராமைத்தான் இரண்டிலும் ஏற்றினேன். அங்கே பதிந்ததை இங்கே போட்டால் அப்படியே திறக்கும். நடுவில் ஒரு ரோடு, ஒரு இளநீர் வண்டி. அவ்வளவுதான் தூரம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அந்தப் பெண்ணைத் தூக்கி வந்த மத்தியானம், நான் உன் அறையில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். பிரசவமாகிச் சில நாள்தான். கொதிக்கிற காய்ச்சல், நினைவில்லை. முன்னொரு தடவை எதிர் நர்சிங் ஹோமில் ஏதோ ஊசி போட்டு மூச்சே நின்றுவிட்டது என்று கணவன் அழுதான். எந்த ஊசி என்று அவனுக்குத் தெரியவில்லை. நீ ஒரு புது ஃபிளாப்பியில் அவள் பெயரை எழுதி என் கையில் திணித்தாய்.

"சும்னே நிக்காதேடா. அவ ரெகார்டை இதுல போட்டு வாங்கிட்டு வா. பேகா, சீக்கிரம் ஓடு!"

கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தொடக்கூட இல்லை. "டாக்டர் ஊரல்லில்ல சார், கொடோக்காகல்ல" என்றார். டாக்டர் ஊரில் இல்லையாம், அவர் சொல்லாமல் தர முடியாதாம். நீ போன் போட்டுக் கத்தினாய், கடைசியில் கெஞ்சினாய். அந்த ஆளைச் சொல்லியும் குற்றமில்லை. கொடு என்று ஒரு விதியும் இல்லை, கொடுத்தால் வேலை போய்விடும். நீ போட நினைத்த மருந்தைப் பயந்து விட்டுவிட்டு, கையிருப்பில் இருந்த வேறொன்றைப் போட்டாய். காய்ச்சல் அடங்கவில்லை. மறுநாள் பெங்களூரிலிருந்து திரும்பிய டாக்டர் போனில் சொன்னார்: அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது வேறு ஊசியாம். நீ பயந்த மருந்தைத் தாராளமாகப் போட்டிருக்கலாமாம். அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

அப்புறம்தான் உனக்குச் சட்டப் பித்துப் பிடித்தது. வேறு டாக்டர் கேட்டால் ரெகார்டைக் கொடுத்தே ஆக வேண்டும், யார் பார்த்தார்கள் என்பதும் கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டும் என்று சட்டம் கேட்டு, ஒரு வக்கீலை வைத்துக் கன்னடத்தில் மனு எழுதினாய். நானே உன்னோடு சண்டை போட்டேன்.

"நம்ம சித்தி பொண்ணுக்கு டி.பி. வந்தது ஊருக்கெல்லாம் தெரிஞ்சா அவளுக்குக் கல்யாணம் ஆகுமா?"

"யார் பாக்கலாம், யார் பாக்கக் கூடாதுன்னு எழுதத்தாண்டா சட்டமே. இப்போ பாக்க வேண்டியவளே பாக்க முடியலையே!"

டாக்டர்கள் கூட்டத்தில் போண்டா தின்றார்கள், காபி குடித்தார்கள், ரெகார்டைக் கொடுத்தால் பேஷண்ட் எதிர்க் கடைக்குப் போய்விடுவான் என்றார்கள். எம்.எல்.ஏ. "நோடோணம்மா" என்றார். பார்க்கலாம் என்றவர் பார்க்கவே இல்லை. அவர் வீட்டு வாசலில் நீ எத்தனை தடவை செருப்பைக் கழற்றியிருப்பாய்! போன மழைக்காலத்தில் மாரடைப்பில் நீ போனாய். உன் மனுவுக்குப் பதில் அனுப்பாதவர் மாலை மட்டும் தவறாமல் அனுப்பினார்.

இன்று பூஜை முடிந்து பொரியும் வெல்லமும் கொடுத்த டாக்டர், கவலையோடு ஒன்று கேட்டார். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போகுமாமே, நம் ரெகார்டெல்லாம் அழிந்துவிடுமா? அழியாது என்றேன். இருந்து யாருக்கு உதவியது என்று கேட்க வாய்வரை வந்தது. வியாபாரம் செய்கிறவன், மென்று விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்து குங்குமத்தைத் துடைத்தேன். உன் எழுத்து மங்கவில்லை. அந்த ஃபிளாப்பியில் நான் இதுவரை எதையும் ஏற்றியதில்லை. நீ கொடுத்தபடியே காலியாக இருக்கிறது. தசரா முடிந்து வேலைக்குப் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொள்வேன். நீட்டினால் வாங்கிக்கொள்கிற கவுண்டர் இந்த ஊரில் இன்னும் ஒன்றுகூட இல்லை.