நீ பிடிக்காத கயிறு

இன்று காலையும் பாண் விற்கிற ஓட்டோ உன்னுடைய பாட்டைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. முன்பெல்லாம் அதில் ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சங்கீதம் கிணுகிணுக்கும். நீ செத்த நாளிலிருந்து ஓட்டோக்காரர் உனக்கு அஞ்சலி செலுத்துகிறாராம். நான் பாணை வாங்கிக்கொண்டு வாசல் படலையில் நின்று முழுவதையும் கேட்டேன்.

"வாடி மயிலே, வள்ளத்தில் வா" என்று தொடங்கி, "லா லா லா" என்று தேய்ந்து முடிகிற பாட்டு. நாற்பது வருடமாக மன்னாரில் இது இல்லாமல் ஒரு கலியாணவீடு நடந்ததில்லை. கனடாவிலும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள். அதற்கு ஆடாத ஒரே ஆள் நான்தான்.

உன்னை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை, இப்படி எழுதலாமா என்று என் மனைவி கேட்கிறாள். எழுதலாம். நீ வாய் ஓயாமல் கதை சொல்லித் திரிந்தபோது நான் ஒரு வரியும் எழுதவில்லையே.

என்ன கதை அது! தலைமன்னாரில் கப்பலேறிய ஒருத்தி கைக்குட்டையை அசைத்தாளாம், நீ கரையில் நின்றாயாம், பாட்டு பிறந்ததாம். அந்த "லா லா" எப்படி வந்தது என்று வானொலியில் கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "கடலுக்கு முடிவு இருக்கோ? அதுமாதிரித்தான் என்ர பாட்டும்." கேள்வி கேட்டவர் "ஆகா" என்றார்.

முடிவு இருந்தது. உனக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா திரிந்த வருடம் அது. நீ விடிய வெள்ளென, கித்தாரைச் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு மன்னார்ப் பட்டினத்திலிருந்து எங்கள் தாழ்வுபாட்டுக் கரைக்கு வருவாய். கரைவலை இழுக்கும் நேரம். தோணியில் கொண்டுபோய் வளைத்துவிட்ட வலையை இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். மீன் சேர்ந்த பையை, அந்த மடியை, கரையேற்ற மூன்று மணித்தியாலம் செல்லும். களைப்புத் தெரியாமல் இழுக்க அம்பா பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கிக்கொண்டு காலைப் பின்வைப்பார்கள். எங்கள் வலைக்கு அடி எடுத்துக் கொடுத்தவர் என் அப்பா.

அந்த மாரியில்தான் அண்ணா கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டார். உடலும் ஒதுங்கவில்லை. மாதா கோயிலில் வெறும் சவப்பெட்டிக்குப் பூசை வைத்தோம். முப்பத்தோராம் நாள் முடிந்து கயிற்றுக்கு வந்த அப்பா, யாரும் அதுவரை கேளாத ஒன்றைப் பாடினார். "வாடா மகனே, வலையோட வா." இழுத்தவர்கள் அழுதுகொண்டே "ஏலேலோ" சொன்னார்கள்.

அதற்கு ஒரு கடைசி அடி இருந்தது. மடி கரையேறி, அதைப் பிரித்து, உள்ளே மீனைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கண்ட பிறகுதான் அப்பா அதைப் பாடுவார். அதற்கு முன்னர் ஒருநாளும் பாடியதில்லை. ஒன்பது சொல். கயிறு பிடித்தவர்கள் மட்டும் கேட்டது.

நீ தோணி நிழலில் இருந்து கித்தாரில் மெட்டுப் பிடித்தாய். கயிற்றைத் தொட்டதில்லை, போட்டிருக்கும் சேட்டில் மணல் ஒட்டுமே. எட்டு மணிக்கு வெயில் ஏறினால் சைக்கிளை எடுத்துவிடுவாய். மடி ஏறுவதை நீ ஒருநாளும் பார்க்கவில்லை.

"மச்சான், உன்ர கொப்பர் லேசுப்பட்ட ஆளில்லை. இந்த மெட்டுக்கு ஒரு பொங்கோ மேளம் போட்டால் கொழும்பே ஆடும்" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் உன்னுடைய கணக்கு வேறு.

கொழும்பு ஆடியது. மகன் மயிலானான். வலை வள்ளமானது. தேத்தண்ணிக் கடை வானொலியில் அப்பா முதன்முதல் அதைக் கேட்டார், சுண்டு விரல்கூட அசையவில்லை. அடுத்த நாள் கயிற்றில் அவர் அடியெடுத்தபோது எதிர்ப்பக்கத்தில் ஒருவன் "ஏலேலோ"வுக்குப் பதிலாக "லா லா லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்ணை, நீங்கள் இப்ப றேடியோ ஆள். இனி எங்களோட கயிறு இழுப்பியளோ?"

"இழுப்பார், இழுப்பார். இனி வலை முதலாளி சம்மாட்டியார்தான் இவருக்குக் குடை பிடிக்க வேணும்!"

பகிடிதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அப்பா தோளிலிருந்த கயிற்றை மெதுவாக இறக்கி மணலில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

சில மாதம் கழித்து நீ வெள்ளைக் காற்சட்டையோடு வான் வண்டியில் வந்து இறங்கினாய். எங்கள் கதிரையில் இருந்து, எங்கள் கோப்பையில் தேத்தண்ணி குடித்தாய்.

"அப்பு, கடைசியில ஒரு அடி இருக்காமே. அதைத் தந்தியள் எண்டால் முழுப் பாட்டா அடுத்த கசற்றில போட்டிடலாம்."

அவர் உன்னை அடித்துத் துரத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ சாந்தமாகச் சொன்னார். "நாளைக்கு விடிய வாரும் தம்பி. வந்து கயிறைப் பிடியும். மடி ஏறேக்க அது தன்ர பாட்டில வரும்."

விளங்கியதா உனக்கு? பாட்டை விட்ட மனிதன் உனக்காக இன்னொரு தரம் பாட இருந்தார். ஒரேயொரு இழுவைதான் அவர் உன்னிடம் கேட்டது. அடுத்த நாள் பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். நானும் நின்றேன். மடி ஏறியது, மீனைப் பிரித்தார்கள், நாய்கள் வந்தன. நீ வரவில்லை. பட்டினத்தில் உனக்கு மாலை போட்டார்களாம். அப்பா அந்த அடியைப் பாடாமலே திரும்பினார். சாகும்வரை பாடவில்லை.

அதற்குப் பிறகு நீ கேட்ட ஒவ்வொரு முறையும் நான் கேளாதவன் போல் இருந்தேன். கடைசியாக ஆஸ்பத்திரியில், தொண்டையில் குழாயோடு படுத்திருந்து ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நீட்டினாய். "மச்சான், கடைசி அடி?"

"மறந்துபோச்சடா" என்றேன்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பொய்யெல்லாம் தெரிந்தவன் நீ. என்னைப் பார்த்தாய், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினாய். நான் வெளியே வந்து ஒரு தேத்தண்ணி குடித்தேன். நல்ல ருசியாக இருந்தது.

போன கிழமை வானொலியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். பழைய பாட்டுகள் பிறந்த கதையைத் தேடித் திரிகிறாளாம். கைக்குட்டைக் கதையைச் சரிபார்க்க வந்தவளுக்கு முழுவதையும் சொன்னேன். அண்ணாவை, வெறும் பெட்டியை, "வாடா மகனே"யை, நீ வராத அந்தக் காலையை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பாகும். உன் மகளும் கேட்பாள். கேட்கட்டும்.

"ஐயா, அந்தக் கடைசி அடியையும் சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினாள். மாட்டேன் என்றேன். சொன்னால் பாட்டு முழுமையாகிவிடும். முழுமையானால் அதுவும் உன் பேரில் போய்ச் சேரும். உன் பாட்டு ஓட்டையாகவே ஓட வேண்டும்.

அவளுக்குச் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. இன்று படலையில் நின்றபோது பாட்டு "லா லா"வுக்கு வந்தது. ஓட்டோ வளைவில் திரும்பியது. யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அந்த ஒன்பது சொல்லையும் வாய்விட்டுப் பாடினேன். சொல் ஒன்றும் தவறவில்லை. ஆனால் வந்தது உன்னுடைய மெட்டு, பொங்கோ போட்ட அந்தத் துள்ளல். நிறுத்திவிட்டு, அப்பா இழுத்து இழுத்துப் பாடியதுபோல் பாடிப் பார்த்தேன். கயிற்றில் நிற்பதுபோல் காலைப் பின்வைத்தும் பார்த்தேன்.

வரவில்லை. சொல் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் குரல் இருந்த இடத்தில் நீ குந்தியிருக்கிறாய். அங்கிருந்து உன்னை எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.